மேற்கத்திய சாகசப் படங்களில் கீழை நாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழைத்தேயவாதம் என்று எதைச் சொல்கிறார்கள்? சினிமாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஜெருசலேமில் பிறந்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த எட்வர்ட் சையித் 1978-இல் ‘ஓரியண்டலிசம்’ (கீழைத்தேயவாதம்) என்ற நூலை வெளியிட்டார். பிரித்தானியாவும் பிரான்சும் அரபு நாடுகளையும் இந்தியாவையும் ஆண்ட காலத்தில் ஐரோப்பியர் எழுதிக் குவித்த பயணநூல்கள், கவிதைகள், அகராதிகள், அரசாங்க அறிக்கைகள் அனைத்தும் சேர்ந்து ‘கிழக்கு’ என்ற ஒரு கற்பனை நிலத்தைக் கட்டி எழுப்பின என்பதே அவருடைய வாதத்தின் சாரம். அந்த நிலம் காலத்தால் மாறாதது. மர்மமும் சிற்றின்பமும் கொடூரமும் நிறைந்தது. தன்னைத் தானே ஆண்டுகொள்ளத் தெரியாதது. ஆகவே வெளியிலிருந்து ஒருவர் வந்து ஆள்வது நியாயம் என்ற முடிவு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, அதற்குள் அடங்கியிருந்தது.

சையித் பெரும்பாலும் நூல்களைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அந்த நூல்கள் அடுக்கி வைத்திருந்த சரக்கு முழுவதும் பேசாப்பட காலத்திலேயே திரைக்கு வந்துவிட்டது. இத்தாலியில் பிறந்த ருடால்ஃப் வாலண்டினோ 1921-இல் அரபு ஷேக்காகப் பாலைவனத்தில் பெண்ணைக் கவர்ந்துசென்றார். 1924-இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் பாக்தாத் திருடனாகக் கம்பளத்தில் பறந்தார். நூலைப் படித்தவர் சில ஆயிரம் பேர் என்றால் படத்தைப் பார்த்தவர் பல லட்சம்.

நடைமுறையில் இந்த வார்ப்புகள், அதாவது திரும்பத் திரும்ப வரும் அச்சுப் பிம்பங்கள், எப்படி இருக்கும்?

படம் கெய்ரோவுக்கோ டில்லிக்கோ நகரும்போது முதலில் ஒரு கும்மட்டம் தெரியும், பின்னணியில் தொழுகைக்கான அழைப்பு ஒலிக்கும், அடுத்த காட்சியில் கடைத்தெரு. நாயகன் ஓடுவான், துரத்துவோர் அவன் பின்னால் ஓடுவார்கள், பழவண்டிகள் கவிழும், கூண்டு உடைந்து கோழிகள் பறக்கும். எந்த வண்டிக்காரரும் அந்தப் பழத்தின் விலையைக் கேட்க மாட்டார், ஏனென்றால் அவர் அங்கே வியாபாரியாக நிற்கவில்லை, கவிழ்க்கப்படுவதற்காகவே நிறுத்தப்பட்டிருக்கிறார்.

1981-இல் வந்த ‘ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி இந்த வகைதான். கறுப்புடை அணிந்த ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெரிய வாளைச் சுழற்றி வித்தை காட்டுகிறான்; சலிப்போடு பார்க்கும் நாயகன் இந்தியானா ஜோன்ஸ் துப்பாக்கியை எடுத்து ஒரே குண்டில் முடிக்கிறார். கெய்ரோ என்று காட்டப்படும் அந்தத் தெரு துனீசியாவில் இருக்கிறது. முதலில் நீண்ட சண்டைதான் திட்டமிடப்பட்டிருந்தது. நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு வயிற்றுக்கடுப்பால் அவதிப்பட்டதால் அது இப்படிச் சுருங்கியது. யாரும் தீய நோக்கத்தோடு எழுதிய காட்சி அல்ல. களைப்பாக இருக்கும் ஒரு நாளில் எது கைக்கு எளிதாக வந்து அமைகிறதோ அதைத்தான் வார்ப்பு என்கிறோம்.

பேச்சு எப்போதும் ‘டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தில் வந்து நிற்பது ஏன்?

ஏனென்றால் 1984-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய அந்த ஒரு படத்தில் ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது. கதை 1935-இல் நடக்கிறது. ஷாங்காயிலிருந்து தப்பும் இந்தியானா ஜோன்ஸ், விமானிகள் விமானத்தைக் கைவிட்டுக் குதித்துவிட, காற்றடைத்த படகோடு பனிமலையில் விழுந்து, சறுக்கி, ஆற்றில் மிதந்து ஓர் இந்தியக் கிராமத்தில் கரையேறுகிறார். அந்த ஊரின் புனிதக் கல் திருடப்பட்டிருக்கிறது, வயல் காய்ந்திருக்கிறது, பிள்ளைகள் அத்தனை பேரும் கடத்தப்பட்டிருக்கிறார்கள். இதற்கு ஊரார் எடுத்த நடவடிக்கை பிரார்த்தனை மட்டுமே. வந்தவரைச் சிவனே அனுப்பியதாகச் சொல்லி அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள்.

அரண்மனைக்கு அடியில் தக்கர் என்ற கொலைகாரக் கூட்டம் காளிக்கு நரபலி கொடுக்கிறது. பூசாரி மோலா ராம் உயிரோடிருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தை வெறுங்கையால் பிடுங்குகிறார், பிறகு அவன் கூண்டோடு நெருப்புக் குழம்பில் இறக்கப்படுகிறான். சற்று நின்று ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இதயத்தைப் பறித்துப் பலியிடுவது மெக்சிகோவின் அஸ்டெக்குகளைப் பற்றி எழுதப்பட்டது. சிறுவயது மகாராஜா நாயகனைத் துன்புறுத்த ஊசி குத்தும் பொம்மை, கரீபியத் தீவுகளின் வூடூ பற்றி ஹாலிவுட்டில் புழங்கிய கதைகளைச் சேர்ந்தது. வட இந்தியச் சாயலில் காட்டப்படும் கிராமத்தார் பேசும் மொழி சிங்களம். ஊர்ப் பூசாரியாக வருபவர் சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர் டி. ஆர். நாணயக்கார. காளி மட்டும் நம்முடையவள், ஆனால் தில்லையிலும் உறையூரிலும் அவளைக் கும்பிடுகிறவர்களுக்கு இந்தக் கோயிலில் எதுவும் அடையாளம் தெரியாது.

சிங்களம் வந்ததற்கு நேரான காரணம் உண்டு. ஜெய்ப்பூரை அடுத்த ஆமேர் கோட்டையில் படம்பிடிக்கத்தான் தயாரிப்பாளர்கள் விரும்பினார்கள். திரைக்கதையைப் படித்த இந்திய அரசு அதில் பல மாற்றங்களைக் கேட்டது. மாற்ற மனமில்லாத படக்குழு 1983-இல் கண்டிக்குப் போனது. புகழ்பெற்ற அந்தத் தொங்குபாலமும், மகாவலி ஆற்றில் விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பிரித்தானியப் பொறியாளர்களின் உதவியோடு அங்கேதான் அமைக்கப்பட்டது. படம் வெளியானபோது இந்தியாவில் சில காலம் தடை செய்யப்பட்டிருந்தது.

குரங்கு மூளை விருந்துதானே அதில் பெரிய அவமதிப்பு?

பாம்பின் வயிற்றைக் கிழித்தால் குட்டிகள் நெளிவதும், வண்டுகளை உறிஞ்சுவதும், சூப்பில் கண்விழிகள் மிதப்பதும், குளிர்ந்த குரங்கு மூளை வருவதும் அபத்தம்தான். அமெரிக்கப் பள்ளிகளில் படித்த இந்தியப் பிள்ளைகள் பலர் மதிய உணவு டப்பாவைத் திறக்கும்போது இந்தக் காட்சியை வைத்துக் கேலிக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஆனாலும் படத்தின் மிகப் பெரிய குறை அதே விருந்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மேசையில் ஒரு பிரித்தானியப் படை அதிகாரியும் அமர்ந்திருக்கிறார். சமஸ்தானத்தின் பிரதம அமைச்சர் சத்தர் லால், ஆங்கிலேயர்கள் தங்கள் சாம்ராஜ்யத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது எங்களை நன்றாகப் பராமரிக்கப்படும் குழந்தைகளைப் போல உணரவைக்கிறது என்ற பொருளில், நாகரிகமாக ஒரு குத்தல் விடுகிறார். படம் முழுவதிலும் ஆட்சியைப் பற்றி ஓர் இந்தியர் சொல்லும் அறிவார்ந்த விமர்சனம் அது ஒன்றுதான். சிறிது நேரத்திலேயே அவர் தக்கர் கூட்டத்தின் ஆள் என்று தெரியவருகிறது. ஆக, ஆட்சியைக் குறைகூறுபவன் நரபலிக்காரன். காலில் விழுபவன் நல்லவன். கடைசியில் பாலத்தருகே துப்பாக்கிகளோடு வந்து சேர்வதும் பிரித்தானிய அதிகாரியின் தலைமையிலான படையே.

1935 என்பது என்ன ஆண்டு? சட்டமறுப்பு இயக்கம் ஓய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்திய அரசுச் சட்டம் லண்டன் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டும் அதுவே. சிறை சென்று திரும்பியவர்கள் இல்லாத ஊர் அரிதாக இருந்த அந்தக் காலத்திலிருந்து அரசியலை முழுவதும் வழித்தெடுத்துவிட்டு, காலி இடத்தில் மாயக்கல்லை வைத்திருக்கிறார்கள். இது இந்தப் படத்தோடு நிற்கவில்லை. 1999-இல் வந்த ‘த மம்மி’ படத்தின் கதை 1926-ஆம் ஆண்டு எகிப்தில் நடக்கிறது. 1919-இல் நாடு தழுவிய கிளர்ச்சியை நடத்தி, 1922-இல் பெயரளவிலாவது விடுதலை பெற்றிருந்த நாடு அது. படத்திலோ எகிப்தியர் என்றால் அழுக்கான சிறைக் காவலர், வசியத்துக்கு ஆட்பட்டுப் பூசாரியின் பெயரை முணுமுணுத்தபடி திரியும் கூட்டம், பழங்கல்லறையைத் தலைமுறைகளாகக் காக்கும் வீரர்கள். சாகசப் படங்கள் இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது உடையும் விமானமும் அழகாக இருப்பதால்தான். ஆனால் அந்த அழகோடு ஒட்டிக்கொண்டு வரவேண்டிய மனிதர்கள் மட்டும் வருவதில்லை.

தக்கர்கள் உண்மையில் இருந்தவர்கள் இல்லையா?

வழிப்போக்கர்களோடு நட்பாகப் பழகி, கைத்துண்டால் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்த கூட்டங்கள் இருந்தன. 1830-களில் வில்லியம் ஸ்லீமன் என்ற கம்பெனி அதிகாரி அவர்களை ஒடுக்கும் பெரிய நடவடிக்கையை நடத்தினார். கேள்வி அதற்கு மேல் எழுகிறது. அவர்கள் இந்தியா முழுவதும் பரவிய ஒரே இரகசியச் சமயம், பிறப்பால் தொடரும் காளி வழிபாட்டுக் கொலைகாரர்கள் என்ற சித்திரம், தண்டனையிலிருந்து தப்ப அப்ரூவராக மாறிய கைதிகளின் வாக்குமூலங்களைப் பெரிதும் நம்பி எழுதப்பட்டது. பிடிபட்டோரில் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தார்கள். வேலையிழந்த படைவீரர்களும் பஞ்சத்தில் அடிபட்டவர்களும் வழிப்பறியில் இறங்கியதை ஒரு மதமாகத் திரித்துவிட்டார்கள் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள், ஸ்லீமனின் ஆவணங்களில் உண்மை கணிசமாக உண்டு என்போரும் இருக்கிறார்கள். அந்த விவாதம் முடியவில்லை.

ஆனால் அந்தச் சித்திரம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஒரு குறிப்பிட்ட கொலையைச் செய்ததாக மெய்ப்பிக்காமலேயே, தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவே ஆயுள் தண்டனை விதிக்க 1836-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. குற்றம் பரம்பரையாக வருவது என்ற அதே எண்ணம் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக விரிந்தது, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தச் சட்டத்தின் பெயரால்தான். ‘பிறவிக் கொலைகாரக் கூட்டம்’ என்பது திரையில் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் கற்பனை. தமிழ்நாட்டில் அதற்குக் காவல் நிலையப் பதிவேடு இருந்தது.

இந்திய நடிகர்கள் தெரிந்தேதானே நடித்தார்கள்?

ஆம். சத்தர் லாலாக நடித்த ரோஷன் சேத், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ‘காந்தி’ படத்தில் ஜவஹர்லால் நேருவாக நடித்தவர். மேற்கத்தியத் திரையில் ஓர் இந்திய நடிகருக்குக் கிடைக்கக்கூடிய வேடங்களின் இரு எல்லைகளையும் அவர் அத்தனை குறுகிய காலத்தில் தொட்டுவிட்டார். மோலா ராமாக நடித்த அம்ரீஷ் பூரி அதை ஒரு கற்பனைக் கதையாகவே எடுத்துக்கொண்டதாகத் தன்வரலாற்றில் எழுதினார். அந்தப் படத்துக்காக மழித்த தலையே பிறகு இந்திப் படங்களில் அவருடைய அடையாளமாயிற்று. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடிப்பு என்ற வகையில் அந்தப் படத்தில் மிரட்டுவது அவர் ஒருவர்தான்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. 1983-இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஆக்டோபஸி’யில் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் உளவுத்துறையின் உதயப்பூர்த் தொடர்பாளராக வருகிறார். பாம்பாட்டி வேடத்தில் மகுடியில் பாண்ட் படங்களின் அறிமுக இசையை ஊதி அடையாளம் காட்டுகிறார், தனக்குப் பாம்பென்றால் ஆகாது என்றும் சொல்கிறார். இதுவரை நல்ல நகைச்சுவை. வார்ப்பைத் தானே கிண்டல் செய்கிறது. அடுத்து வரும் ஆட்டோ துரத்தலில் வாள் விழுங்குபவர், ஆணிப் படுக்கைக்காரர், தீ மிதிப்பவர் என அத்தனை பேரும் ஒரே தெருவில் வரிசையாக நிற்கிறார்கள். சூதாட்டத்தில் வென்ற ரூபாய்க் கட்டை இந்திய உதவியாளரிடம் கொடுக்கும் பாண்ட், சில வாரங்களுக்குக் கறி சாப்பிட இது போதும் என்கிறார். விஜய் பாத்திரம் பிறகு கொல்லப்படுகிறது. நாயகனுக்கு உதவும் உள்ளூர்க்காரர் படத்தின் பாதியைத் தாண்டுவது இந்த வகைப் படங்களில் அபூர்வம்.

வெள்ளையர்கள் சாயம் பூசிக்கொண்டு நடித்தது எப்போது நின்றது?

நாம் நினைப்பதைவிடத் தாமதமாக. 1939-இன் ‘கங்கா தின்’ படத்தில் தண்ணீர் சுமக்கும் இந்தியனாக நடித்தவர் அமெரிக்கரான சாம் ஜாஃபி. இந்திய மலைகளாகக் காட்டப்பட்டவை கலிஃபோர்னியாவின் லோன் பைன் பாறைகள். 1956-இல் வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற ‘எரௌண்ட் த வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்’ படத்தில் உடன்கட்டையிலிருந்து மீட்கப்படும் இந்திய இளவரசி ஷெர்லி மெக்லைன். 1962-இன் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் அரபு இளவரசர் ஃபைசலாக நடித்த அலெக் கின்னஸ், 1984-இல் ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் பேராசிரியர் கோட்போலேயாக மறுபடியும் முகத்தில் சாயம் பூசினார்.

இதற்கு மறுபக்கமும் இருந்தது. சீன வம்சாவளி அமெரிக்க நடிகை அன்னா மே வோங், சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய ‘த குட் எர்த்’ (1937) படத்தின் நாயகி வேடத்தைப் பெற முடியவில்லை. நாயகன் வேடத்தில் ஒரு வெள்ளையர் நடித்ததால், கலப்புக் காதலைத் திரையில் காட்டுவதற்கு அன்று ஹாலிவுட் விதித்திருந்த கட்டுப்பாடு அவருக்குத் தடையாயிற்று. அந்த வேடத்தில் நடித்த லூயிஸ் ரெய்னர் ஆஸ்கர் வாங்கினார்.

அந்தக் காலத்தில் யாரும் எதிர்க்கவில்லையா? இது இன்றைய உணர்ச்சிவசப்படல் இல்லையா?

எதிர்ப்புக்குப் படங்களின் வயதே ஆகிறது. 1932-இல் போரிஸ் கார்லாஃப் சீன வில்லனாக நடித்த ‘த மாஸ்க் ஆஃப் ஃபூ மான்சூ’ வந்தபோது வாஷிங்டனில் இருந்த சீனத் தூதரகம் கண்டனம் தெரிவித்தது. 1938-இல் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த ‘த டிரம்’, மைசூர்ப் பகுதியில் பாகன் மகனாகப் பிறந்த சாபுவை இளவரசனாகக் காட்டிய படம்; வடமேற்கு எல்லையில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சதி செய்யும் முஸ்லிம் தலைவனைக் கொடியவனாகவும், ஆங்கிலேயருக்கு உதவும் சிறுவனை நல்லவனாகவும் சித்தரித்தது. அது பம்பாயிலும் சென்னையிலும் திரையிடப்பட்டபோது சாம்ராஜ்யப் பிரச்சாரம் என்று எதிர்ப்பு கிளம்பியது. ‘கங்கா தின்’ படத்தையும் இந்தியப் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்தன. அன்று பார்த்தவர்களுக்கும் புரிந்தே இருந்தது. அவர்கள் சொன்னது ஹாலிவுட்டின் காதுக்கு எட்டவில்லை என்பதே வித்தியாசம்.

அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் அமைப்பாகத் திரண்ட பிறகு நிலைமை சற்று மாறியது. 1992-இன் ‘அலாதீன்’ கார்ட்டூன் படத்தின் தொடக்கப் பாட்டில், முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடும் நாடு என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 1993-இல் வீடியோவாக வந்தபோது அந்த வரி மாற்றப்பட்டது, ஆனால் அந்த ஊரைக் காட்டுமிராண்டித்தனமானது என்று சொல்லும் சொல் அப்படியே இருந்தது. 2019-இன் புதிய பதிப்பில்தான் அது நீங்கியது. லெபனானிய வம்சாவளி அமெரிக்கரான ஜாக் ஷாஹீன் 900-க்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்து, 2001-இல் ‘ரீல் பேட் அராப்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அரபியரை இழிவாகவே காட்டின என்பது அவருடைய முடிவு.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வையும் இதே பட்டியலில் சேர்ப்பது அநியாயம் இல்லையா?

ஓரளவு அநியாயம்தான். டேவிட் லீனின் அந்தப் படம் ஏழு ஆஸ்கர் வாங்கியதற்குத் தகுதியானது, தன் நாயகனையே சந்தேகத்தோடு பார்ப்பது. பாலைவனத்தில் பின்தங்கிப்போன காசிமை (நம் ஐ. எஸ். ஜோஹர்) விதி முடிந்தது என்று மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள், பிரித்தானிய அதிகாரியான லாரன்ஸ் திரும்பிச் சென்று தூக்கிவந்து, எதுவும் எழுதி வைக்கப்படவில்லை என்கிறார். கிழக்கு விதியை நம்பும், மேற்கு விதியை வெல்லும் என்ற பழைய கணக்கு அது. ஆனால் பிறகு அதே காசிமை லாரன்ஸ் தன் கையால் சுட்டுக் கொல்ல நேரும்போது படம் அந்தக் கணக்கைத் தானே கலைத்துப் போடுகிறது.

டமாஸ்கஸ் காட்சியில்தான் பழக்கம் திரும்பிவிடுகிறது. நகரைப் பிடித்த அரபுத் தலைவர்கள் அவையில் மேசையைத் தட்டிச் சச்சரவிடுகிறார்கள், தொலைபேசியும் மின்சாரமும் தண்ணீரும் நின்றுபோகின்றன, ஆங்கிலேயத் தளபதி பொறுமையாகக் காத்திருக்கிறார். ஆளத் தெரியாதவர்கள் என்ற பழைய தீர்ப்பு, எவ்வளவு அழகாகப் படம்பிடித்தாலும் அதே தீர்ப்புத்தான். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் ஒரு பெண்ணுக்கும் வசனம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இசையிலும் நிறத்திலும்கூட வார்ப்பு உண்டா?

உண்டு, கண்ணுக்குத் தெரிவதைவிட அது ஆழமாக வேலை செய்கிறது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ‘கெய்ரோ வீதி’ என்ற பகுதியையொட்டிப் பிரபலமான ஒரு பாம்பாட்டி மெட்டு உண்டு. கார்ட்டூன்களில் ஒட்டகம் வந்தாலே ஒலிக்கும் மெட்டு அது. கண்காட்சியில் பணியாற்றிய சால் ப்ளூம் அதைத் தானே அமைத்ததாகச் சொன்னார். மேற்கத்தியத் திரையிசையில் ‘இது கிழக்கு’ என்று காட்டப் பயன்படும் சுரவரிசைகள் நமக்கு மாயாமாளவகௌளை, வகுளாபரணம் என்று பழக்கமானவை. சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவும் அந்த இடைவெளி அவர்கள் காதுக்கு மர்மமாக ஒலிக்கிறது. சரளி வரிசையில் பாட்டு கற்கத் தொடங்கிய நம் பிள்ளைகளுக்கு அது முதல் நாள் பாடம்.

நிறம் அண்மைக்காலப் பழக்கம். வெப்ப நாடு என்றால் மஞ்சள் படிந்த திரை. 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ டாக்கா நகரம் முழுவதையும் மஞ்சளில் தோய்த்தது. ஆறும் பசுமையும் மழையும் நிறைந்த வங்கத்தில் அப்படி ஒரு வானத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை என்று வங்கதேச ரசிகர்கள் கேலி செய்தார்கள்.

இந்தியானா ஜோன்ஸ் படங்கள் பழைய சாகசத் தொடர்படங்களைக் கிண்டலாகப் போற்றுபவை. வெறும் பொழுதுபோக்கை இப்படி ஆராய வேண்டுமா?

போற்றல் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டே ஒரு சோதனை செய்யலாம். ‘கங்கா தின்’ படத்தில் காளி பக்தர் கூட்டத்தின் குரு, தன் ஆட்களின் கையைக் கட்டிப்போடும் பிணைக்கைதியாகத் தான் இருக்கக் கூடாது என்று பாம்புக் குழிக்குள் தானே குதிக்கிறார். அதற்கு முன்பு, நீங்கள் இங்கிலாந்துக்காகச் சாகத் தயாராக இருப்பதைப் போலவே இந்தியாவுக்காகவும் என் நம்பிக்கைக்காகவும் நானும் சாவேன் என்ற பொருளில் பேசுகிறார். 1939-இல், சாம்ராஜ்யம் உயிரோடிருந்தபோது, அதைப் போற்றும் படத்தின் வில்லனுக்கே ஒரு காரணமும் ஒரு கௌரவமும் கிடைத்தன. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த மோலா ராமுக்கு உலகத் தெய்வங்களை எல்லாம் வீழ்த்த வேண்டும் என்ற வெறியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த வகைப் படங்களைப் போற்றுவதாகச் சொன்ன படம், அவற்றில் இருந்த அரைகுறை நேர்மையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பொழுதுபோக்கு என்ற அளவிலும் அது நட்டமே. காரணமில்லாத வில்லன் சலிப்பூட்டுவான்.

நம் படங்கள் மட்டும் யோக்கியமா?

இல்லை. 2011-இன் ‘ஏழாம் அறிவு’ படத்தில் சீனாவிலிருந்து அனுப்பப்படும் டாங் லீ, பார்வையால் வசியம் செய்து ஊரையே கொலைக்களமாக்குகிறான். நடித்தவர் வியட்நாமியரான ஜானி ட்ரி நுயென். ஃபூ மான்சூவுக்குத் தம்பி என்றே சொல்லலாம். பழைய படங்களில் முகத்தில் கரி பூசி, இலையாடை கட்டி ஆடும் ‘காட்டுவாசிகள்’ கணக்கில் அடங்கமாட்டார்கள். சில நேரம் இரண்டு தொழிற்சாலைகளும் ஒன்றாகவே இயங்கின. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டாகத் தயாரித்து 1952-இல் வந்த ‘த ஜங்கிள்’, தமிழில் ‘காடு’, படத்தில் இந்திய இளவரசியாக நடித்தவர் ஹாலிவுட் நடிகை மேரி வின்ட்சர். ரோமம் ஒட்டிய நம் யானைகள் வரலாற்றுக்கு முந்தைய மாமூத்களாக நடித்தன.

இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா?

கேமராவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதில் கொஞ்சம். 2022-இல் வந்த ‘மூன் நைட்’ தொடரின் முதன்மை இயக்குநர் முகமது தியாப் எகிப்தியர், இசையமைப்பாளர் ஹிஷாம் நஸீஹும் எகிப்தியர். ‘வொண்டர் வுமன் 1984’ தன் நாட்டைக் காட்டிய விதத்தை தியாப் வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அவருடைய கெய்ரோவில் மக்கள் போக்குவரத்து நெரிசலில் வேலைக்குப் போகிறார்கள், பின்னணியில் எகிப்தியர் உண்மையில் கேட்கும் பாட்டு ஒலிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரில் பெருமளவு ஹங்கேரியின் புடாபெஸ்டில் எடுக்கப்பட்டது. ஆகவே இடத்துக்குப் போய் எடுத்தால் சரியாகிவிடும் என்ற வாதமும் எடுபடாது.

பிள்ளைகளோடு பார்க்க விரும்பினால் எதைப் பார்க்கலாம்?

‘ரைடர்ஸ்’, ‘அலாதீன்’, ‘த மம்மி’ மூன்றையும் தாராளமாகப் பார்க்கலாம். இவற்றை ரசிப்பதில் குற்றவுணர்ச்சி தேவையில்லை. 1940-இன் ‘த தீஃப் ஆஃப் பாக்தாத்’ சாபுவின் துறுதுறுப்புக்காகவே பார்க்க வேண்டிய படம், அதில் கதையை நகர்த்துவது அந்தச் சிறுவன்தான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜான் ஹூஸ்டனின் ‘த மேன் ஹூ வுட் பி கிங்’ (1975) பொருந்தும்: கடவுளாக நடிக்கும் வெள்ளையனின் வேடம் கலையும்போது என்ன ஆகும் என்பதை அது கடைசிவரை சொல்கிறது, சயீத் ஜாஃப்ரியின் கூர்க்கா மொழிபெயர்ப்பாளருக்கு வெறும் எடுபிடியின் முடிவைத் தரவில்லை. ‘டெம்பிள் ஆஃப் டூம்’ மட்டும் பதின்மூன்று வயதுக்குப் பிறகு போதும். இதயம் பிடுங்கும் காட்சிக்கு அமெரிக்கப் பெற்றோர்களே அதிர்ந்துபோனார்கள். பதின்மூன்று வயதுக்குக் கீழ் எச்சரிக்கை என்ற புதிய சான்றிதழ் வகை அந்த நாட்டில் 1984-இல் வந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.